பினாயில்காரர் வீட்டுப் பூனை

தூத்துக்குடி தாளமுத்து நகரில் இன்பமணியின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை, மூக்கு போதும். பினாயில் வாடை வருகிற சந்தில் திரும்பினால் முன்னால் தகரக் கொட்டகையும் பின்னால் சின்ன மாடி வீடுமாக ஒரு மனை தெரியும். கொட்டகை நிறைய நீலப் பீப்பாய்கள், புனல்கள், சாக்குச் சாக்காகக் காலி பாட்டில்கள். அவள் கணவர் காசிலிங்கம் அங்கேதான் பினாயில் கலக்கிப் பாட்டிலில் அடைக்கிறார். அடைத்ததை லோடு ஆட்டோவில் ஏற்றித் தெருத் தெருவாக விற்கிறார். கொட்டகையின் தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். அதைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வழி கிடையாது.

தாண்டிவிட்டால் மட்டும் போய்விட முடியுமா? வாசற்படியில் கால் வைப்பதற்கு முன் இன்பமணி நிறுத்திவிடுவாள். படியோரம் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் தண்ணீர், விளிம்பில் ஒரு மக். செருப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, காலைக் கழுவி, சாக்கில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் கழுவியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஜவுளிக்கடை முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுவியிருக்கிறார். இப்போதுதான் திருச்செந்தூர் கடலில் முங்கிவிட்டு வருகிறேன், என் காலில் என்ன அழுக்கு என்று கேட்ட அவளுடைய சொந்த அண்ணனும் கழுவிவிட்டுத்தான் காபி குடித்தார்.

உள்ளே இன்னொரு வேடிக்கை உண்டு. ஊருக்கெல்லாம் பினாயில் விற்கிறவர் வீட்டில், துடைக்க ஒரு சொட்டுப் பினாயில் கிடையாது. தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் இன்பமணியின் பதில்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் அல்ல.

இன்பமணி முத்தையாபுரத்துக்காரி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்து வீட்டைத் துடைப்பாள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுத்தம் என்றால் வெறி. காசிலிங்கம் பெண் பார்க்க வந்தபோது அவர் சட்டையிலிருந்து வந்த வாடைக்கு மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது மாப்பிள்ளை என்று சித்தி காதில் முணுமுணுத்தாள். இன்பமணிக்கோ அந்த வாடையே பிடித்துப்போயிற்று. கழுவிவிட்ட தரையின் வாடை அது. இந்த ஆளைக் கட்டிக்கொண்டால் வீடு பளிச்சென்று இருக்கும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வீடு பளிச்சென்றுதான் இருந்தது. பினாயில் தயாரிக்கிற இடங்களில் சொல்லாமலே நடக்கிற ஒரு வழக்கம் உண்டு. காம்பவுண்ட் என்று ஒரு கெட்டித் திரவம் கேனில் வரும். அதில் பல மடங்கு தண்ணீர் சேர்த்துத்தான் பாட்டிலில் அடைப்பார்கள். அது ஊருக்கு. சொந்த வீட்டுக்கு யாராவது தண்ணீர் கலந்ததைக் கொண்டுபோவார்களா? இன்பமணி கேனைச் சாய்த்துக் கெட்டியாகவே மக்கில் பிடித்துக்கொள்வாள். நம் சரக்கு, நமக்கு என்ன குறைச்சல் என்கிற தாராளம். அவள் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று தெருப் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு அவள் பூரித்துப்போவாள்.

ஊரே வெள்ளக்காடான அந்த மார்கழியில் கொட்டகைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீப்பாய்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதந்தன. அதில் ஒரு பீப்பாயின் மேல், எங்கிருந்து வந்ததோ, ஒரு செவலைப் பூனைக்குட்டி நான்கு கால்களையும் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடியிலிருந்து பார்த்த இன்பமணி, காசிலிங்கம் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த இறங்கிப் போய் அதைத் தூக்கி வந்தாள். ஒரே மகள் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். வீட்டில் அதட்ட ஆள் இல்லாமல் இருந்தவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் குட்டி வீடு முழுக்கச் சுற்றியது. அரிசி டிரம், கட்டிலடி, பீரோ இடுக்கு எல்லாவற்றையும் மோந்து பார்த்தது. ஒன்றும் சரியில்லை என்கிற முகத்தோடு நடு ஹாலில் வந்து உட்கார்ந்தது. வெள்ளச் சேதம் பார்வையிட வந்த கலெக்டர் என்று காசிலிங்கம் கேலி செய்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் யாருக்குத்தான் பினாயில் வேண்டியிருக்கவில்லை? சாக்கடையும் செத்த எலியும் கடல் சேறும் வீட்டுக்குள் வந்து போயிருந்தன. காசிலிங்கம் ஓய்வில்லாமல் கலக்கினார். இன்பமணியும் தன் வீட்டை விடவில்லை. சேற்று நாற்றம் போகவில்லை, போகவில்லை என்று காலையும் மாலையும் கேனைச் சாய்த்தாள். தரை காய்வதற்குள் கலெக்டர் அதில் நடந்துபோகும். போய் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக நக்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். எங்க வீட்டுப் பூனைக்குக்கூட எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் இன்பமணி காட்டினாள். தெருப் பெண்கள் சொன்னது பேச்சுக்கு. கலெக்டர்தான் அந்தத் தரையில் நிஜமாகவே சாப்பிட்டது.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் கலெக்டர் எழுந்திருக்கவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு நடுங்கியது. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று இன்பமணிக்குத் தோன்றியது. யாரோ என்ன, பக்கத்து வீட்டுச் சீனித்தாய்தான். கோழி வளர்க்கிறவள், எலி மருந்து வைக்கிற பழக்கம் உள்ளவள். மதிலுக்கு மேல் தலையை நீட்டி, நீ நல்லா இருப்பியா என்பதில் ஆரம்பித்து, தெரு கேட்கும்படி ஏசிவிட்டு, பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பூனையின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு வெந்திருந்தது. பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள்.

“வீட்டை எதை வச்சு தொடைக்கீங்க?” என்று கேட்டாள்.

இன்பமணி பெருமையாகச் சொன்னாள். “பினாயில்தான். எங்க வீட்டுக்காரரு சொந்தமா செய்யுதாரு. எங்க வீட்டுக்கு மட்டும் தண்ணி சேக்காம கெட்டியாவே ஊத்துவேன்.”

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இன்பமணிக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை டாக்டரம்மா மெதுவாகச் சொன்னாள். தரையில் இருப்பது பாதத்தில் ஒட்டும், பாதத்தில் இருப்பது நாக்குக்குப் போகும், பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கிற சக்தி கிடையாது. ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். மறுநாள் கலெக்டர் செத்துப்போனது. வெள்ளத்தில் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு பிழைத்ததை, தன் கையால் கழுவிவிட்ட தரை கொன்றுவிட்டது என்று இன்பமணி அழுதாள். ஆட்டோவில் எல்லாரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீனித்தாய் வாசலில் போய் நின்றாள். “நாந்தான் கொன்னிருக்கேன் சீனித்தாய்க்கா. உங்கள ஏசினது தப்பு” என்றாள். சீனித்தாய் கதவைச் சாத்தவில்லை, அவ்வளவுதான். அடுத்த வேலையாக இன்பமணி சமையலறையில் இருந்த கேனை உருட்டிக்கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டாள். பீரோவில் சேலைகளுக்கு நடுவே கிடந்த பாச்சை உருண்டைகளைப் பொறுக்கி எறிந்தாள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் மட்டும் கொட்டகை அலமாரிக்குப் போய்ப் பூட்டுக்குள் உட்கார்ந்தது.

பிறகு காசிலிங்கத்திடம் சொன்னாள், இனி இந்த வீட்டுக்குள் அவர் சரக்கு வராது என்று.

காசிலிங்கத்துக்குப் பூனை போன துக்கம் இருந்தது. ஆனால் இது வேறு விஷயம். இந்தச் சரக்கில்தான் மகளைக் கட்டிக்கொடுத்தது, மாடி எடுத்தது. சொந்தப் பொண்டாட்டியே வீட்டுக்குள் விடாத பினாயிலை எந்தக் கடைக்காரன் வாங்கி அடுக்குவான் என்று கேட்டார். கேட்டது நியாயந்தான். நியாயமான கேள்வி என்பதற்காக இன்பமணி விட்டுக்கொடுத்துவிடவில்லை.

“ஊரு என்ன நெனைக்கும்னு யோசிச்சியா?”

“ஊரா வந்து நம்ம தரையில நடந்துட்டு காலை நக்கப் போகுது?” என்றாள்.

சில மாதம் கழித்துச் சீனித்தாய் மதிலுக்கு மேல் ஒரு குட்டியை நீட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. உங்க வீடுதான் இப்ப தெருவிலேயே பூனைக்கு நல்ல வீடு என்றாள். மன்னிப்பை அதைவிட அழகாக யாராலும் கொடுக்க முடியாது. கலெக்டருக்குப் பிறகு அந்தப் பதவியை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல், புதிதாக வந்ததற்குத் தாசில்தார் என்று இன்பமணி பெயர் வைத்தாள்.

பினாயில் இல்லாமல் வீட்டைச் சுத்தமாக வைப்பது லேசுப்பட்ட வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதலில் அம்மாவின் வழியைப் பிடித்தாள். உப்புக்குத் தூத்துக்குடியில் என்ன பஞ்சம்? கைநிறைய அள்ளிப் போட்டுத் துடைத்தாள். தாசில்தார் பாதத்தை நக்கிவிட்டு அன்று முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். உப்பும் வயிற்றுக்குள் அதிகம் போனால் கெடுதல்தான், வேப்பெண்ணெயோ எலுமிச்சைப்புல் எண்ணெயோ இயற்கைதானே என்று ஊற்றிவிடாதீர்கள், பூனைக்கு இயற்கை செயற்கை தெரியாது என்று அவள் சொன்னாள். கடைசியில் நிலைத்தது மிகச் சாதாரணமான வழி. கொஞ்சம் சோப்புக் கரைத்த வெந்நீரில் ஒரு தடவை, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை, ஃபேனைச் சுழலவிட்டுத் தரை காய்கிறவரைக்கும் தாசில்தாருக்கு மாடியில் வாசம். வாளிக்கு எப்போதும் மூடி. கக்கூஸுக்குப் பிளீச்சிங் போட்டால் கதவைச் சாத்தி, அலசிவிட்டு, காய்ந்த பிறகுதான் திறப்பாள். பூனை மூத்திரம் பெய்த இடத்தில் மட்டும் பிளீச்சிங் பக்கமே போகமாட்டாள், இரண்டும் சேர்ந்தால் கிளம்புகிற நெடி மனுஷனுக்கே ஆகாது. இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் வீடு நாறவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. தரையை எவ்வளவு அலசினாலும் கொட்டகையிலிருந்து கால்கள் வந்துகொண்டே இருந்தன. அப்போது கட்டியதுதான் அந்தத் தொட்டி. முதலில் கழுவியவர் காசிலிங்கம். நாள் முழுக்கப் பீப்பாய்களுக்கு நடுவே நிற்கிற கால்கள் அவருடையவை. சொந்த வீட்டுக்குள் போகக் காலைக் கழுவ வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு கழுவினார். தண்ணீர் இல்லை என்று ஒருநாள் ஏமாற்றப் பார்த்தார். இன்பமணி குடிதண்ணீர்க் குடத்தையே தூக்கிவந்து ஊற்றினாள்.

கொட்டகை வாசலில் சில்லறையாக வாங்க வருகிற பெண்களையும் அவள் விடவில்லை. வீட்டில் நாய், பூனை உண்டா என்று கேட்பாள். உண்டு என்றால், கக்கூஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்தி வையுங்கள், அலசி விடுங்கள், கெட்டியாக ஊற்றாதீர்கள் என்று வரிசையாகச் சொல்லுவாள். சிலர் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். காசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

பொறுமைக்கு ஒரு எல்லை வந்தது. ஏரலிலிருந்து விஜயராஜ் அண்ணாச்சி சரக்குப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வரைக்கும் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். அவர் ஒருவர் எடுத்தால் காசிலிங்கம் லோடு ஆட்டோவில் வெயிலில் அலைய வேண்டாம். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். தயாரிப்பைப் பார்ப்பதற்கு முன் தயாரிக்கிறவன் வீட்டைப் பார்ப்பார். கருவாட்டுக்காரன் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கருவாடு எடுப்பார்.

காசிலிங்கம் கெஞ்சினார். ஒரே ஒரு நாள், ஹாலை மட்டும் பினாயில் போட்டுத் துடைத்துவிடலாம், பூனையைச் சீனித்தாய் வீட்டில் விடலாம், அவர் போனதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் அலசிக்கொள் என்றார். இன்பமணி முடியாது என்றாள். ஒரு நாள் என்பது கலெக்டருக்கும் ஒரு நாளாகத்தான் ஆரம்பித்திருக்கும் என்றாள். அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி வருகிற அன்று காலையில் இன்பமணி மீன் வாங்கப் போனாள். வருகிறவருக்குச் சாப்பாட்டில் குறை வைக்க அவள் நினைக்கவில்லை. சீலா மீனை முழுசாக வாங்கிக்கொண்டு திரும்பியவள், வாசலில் காலைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது மூக்கில் ஏறியது. கொட்டகையின் வாடை இல்லை, வீட்டுக்குள்ளிருந்து வருகிற வாடை. ஹால் தரை பினாயில் தண்ணீரில் பாலாக வெளுத்துக் கிடந்தது, காசிலிங்கம் துடைத்திருக்கிறார். தாசில்தார் ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து, குதிக்கலாமா என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

மீன் பையைத் தொட்டி விளிம்பிலேயே வைத்தாள். பூனையைத் தூக்கிச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு ஹாலில் கொட்டி, துடைப்பத்தால் வாசலை நோக்கித் தள்ளினாள். காசிலிங்கம் ஓடிவந்தார். தரையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் சந்தில் கார் வந்து நின்றது.

எதிர்கொள்ள ஓடிய காசிலிங்கத்தோடு, விஜயராஜ் அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் கொட்டகையைத் தாண்டி வந்தார். வாசலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இன்பமணி சேலையைச் செருகியபடி படியில் நின்று, மக்கில் தண்ணீரை மொண்டு நீட்டினாள்.

“காலைக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் வருகிறவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிற வீடு எங்கே இருக்கிறது, பழைய மரியாதை எல்லாம் இங்கே மிச்சம் இருக்கிறதே என்று காசிலிங்கத்தின் தோளில் தட்டினார். காசிலிங்கம் பின்னாலிருந்து இன்பமணியைப் பார்த்தார். விட்டுவிடு, அப்படியே இருக்கட்டும் என்று அந்தக் கண்கள் கும்பிட்டன. விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவள் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும்.

இன்பமணி சிரிக்கவில்லை. “மரியாதைக்கு இல்ல அண்ணாச்சி. கொட்டகையில மிதிச்ச பினாயிலு உங்க கால்ல இருக்கு. உள்ள பூன இருக்கு. ஏற்கெனவே ஒண்ண எங் கையாலேயே கொன்னுட்டேன்” என்றாள்.

அண்ணாச்சி மக்கை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தரையைப் பார்த்தார், வழிகிற தண்ணீரைப் பார்த்தார். காசிலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“ஏலே காசிலிங்கம், உன் சரக்கு வெஷமாலே?”

இன்பமணிக்கு அப்போதுதான் பயம் வந்தது. அண்ணாச்சிக்காக இல்லை. இந்த மனுஷன் என்ன சொல்லப் போகிறாரோ என்று. அவ சும்மா சொல்லுதா அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்தத் தொட்டியும் கழுவிய கால்களும் கலெக்டரும் எல்லாமே ஒரு பொம்பளையின் கிறுக்கு என்றாகிவிடும்.

காசிலிங்கம் தொட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார். “கக்கூஸுக்கு நல்ல சரக்கு அண்ணாச்சி. கிருமி சாகும். பூனையும் சாகும். நான் அத பாத்திருக்கேன்.”

“இதச் சொல்லித்தான் கடையில விக்கச் சொல்லுதியா?”

“ஆமா அண்ணாச்சி. அவ இங்கன சொல்லித்தான் விக்கா.”

விஜயராஜ் அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பார்ப்போம் என்றார், அதை எப்படிச் சொன்னால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தமோ அப்படிச் சொன்னார். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்கு, இன்று விரதம் என்றார். காலைக் கழுவாமலே திரும்பி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையைத் தாண்டிப் போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

காசிலிங்கம் கார் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இனி அவர் லோடு ஆட்டோவில்தான் அலைய வேண்டும், அது இரண்டு பேருக்கும் தெரியும். இன்பமணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் வந்து தொட்டியோரம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவள் கையிலிருந்த மக்கை வாங்கி இரண்டு கால்களையும், விரலிடுக்கு விடாமல், தேய்த்துக் கழுவினார். முணுமுணுக்கவில்லை. சாக்கில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து தரையைக் குனிந்து மோந்து பார்த்தார்.

“ஏளா, இன்னும் ஒரு வாளி ஊத்தணும்” என்றார்.

“ஊத்துங்க.”

அவரே மொண்டு ஊற்றினார். அவள் துடைப்பத்தால் தள்ளினாள். ஃபேனைப் போட்டுவிட்டு, தரை காய்கிறவரைக்கும் இருவரும் படியில் உட்கார்ந்து மீனை ஆய்ந்தார்கள். பிறகு காசிலிங்கம் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார்.

தாசில்தார் சாவகாசமாக வெளியே வந்தது. நடு ஹாலில், காலையில் பினாயில் தேங்கியிருந்த அதே இடத்தில், உட்கார்ந்தது. முன்னங்காலைத் தூக்கிப் பாதத்தை நக்க ஆரம்பித்தது. மீன் செதில் ஒட்டிய கைகளோடு இருவரும், அது நான்கு பாதங்களையும் நக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.